எர்த் அடித்த பெட்டி: குற்றாலத்து வீடியோ கேமுக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை

குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில், சீசனுக்கு மட்டும் உயிர் பெறும் கடைகளில் ஒன்றில் அந்த வீடியோ கேம் பெட்டி நின்றது. தொண்ணூறுகளின் கடைசி. நான் பள்ளிக்கூடப் பையன். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஓடி வந்து பெட்டி முன்னால் வரிசை கட்டுவோம். ரூபாய்க்கு ஒரு காயின். பெட்டிக்கு முன்னால் தரையில் ஒரு மரப்பலகை கிடக்கும், அதன் மேல் ஏறி நின்றுதான் ஆட வேண்டும். இறங்கி நின்றபடி காசு போடும் இரும்புக் கதவைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும். "எர்த் அடிக்கும்ல, பலகையில ஏறி நில்லு" என்று கடைக்கார அண்ணாச்சி சொல்வதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். யாரும் அதைக் கோளாறு என்று நினைத்ததில்லை. ஐந்தருவி என்றால் ஐந்தாக விழும், அந்தப் பெட்டி என்றால் எர்த் அடிக்கும், அவ்வளவுதான்.

ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே பெட்டியை வாங்கி வந்து, அதற்குள் ராஸ்பெர்ரி பை என்ற ஒற்றை போர்டுக் கணினியைப் பொருத்தப் போய், அந்தக் கணினியையும் லேப்டாப்பின் ஒரு யுஎஸ்பி வாயையும் எரித்த பிறகுதான் அந்த மரப்பலகை ஏன் அங்கே கிடந்தது என்று எனக்குப் புரிந்தது. என்ன செய்தேன், எது எரிந்தது, ஏன் எரிந்தது, பிறகு எப்படி ஓடியது என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிற இன்னொருவருக்கு ஒரு போர்டு மிச்சமானாலும் நல்லதுதான்.

பெட்டி வந்த விதம்

கைப்பேசி வந்த பிறகு கடைக்கு வேலையில்லாமல் போனது. இப்போது அந்த இடத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிறார்கள். பெட்டியோ அண்ணாச்சியின் இலஞ்சி வீட்டுத் தொழுவத்தில், வைக்கோலுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. "பழைய இரும்புக்காரன் ரெண்டாயிரம் சொன்னான். அதுக்கு மேல நீ என்ன குடுத்தாலும் சரி" என்றார். மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்துக் குட்டியானையில் ஏற்றினேன். வண்டி கிளம்பும் நேரத்தில் உள்ளே போய் அந்தப் பலகையையும் தூக்கி வந்து போட்டார். "இதும் அதோடதுதான் தம்பி."

பாளையங்கோட்டையில் இறக்கிப் பார்த்தபோது நிலைமை இப்படி இருந்தது. சாரல் குடித்துக் குடித்து அடிப்பக்கத்து பிளைவுட் அப்பளம் போல் உப்பியிருந்தது. 20 அங்குல பிக்சர் டியூப் நன்றாக இருந்தது. ஆட்டம் இருந்த அசல் போர்டு செத்திருந்தது, கனெக்டரில் சொருகும் அதன் செம்பு விரல்கள் பச்சை பூத்துக் கிடந்தன. இரண்டு ஜாய்ஸ்டிக், ஆளுக்கு மூன்று பட்டன், ஒரு எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரன்ட்டை 5, 12 வோல்ட்டாக மாற்றித் தருவது), வெளிநாட்டு மானிட்டர் ஒன்று, அதற்கு 110 வோல்ட் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு இரண்டு முள் பிளக்.

அந்த அசல் போர்டில் இருந்த ஆட்டத்தை இந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லோருக்கும் 'முஸ்தபா' என்றுதான் தெரியும். கேப்காம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் அது. அதில் வரும் நால்வரில் ஒருவன் பெயர் முஸ்தபா, ஓடி வந்து உதைப்பான். ஆட்டத்தின் முழுப்பெயரை வாசித்தவர்கள் எங்கள் கூட்டத்தில் யாரும் இல்லை.

நான் எனக்கே ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: பெட்டியின் ஒரு கம்பியைக்கூட வெட்டக் கூடாது. அசல் போர்டு என்றைக்காவது பிழைத்தால் அதைத் திரும்பச் சொருக முடிய வேண்டும். இது முடியக் காரணம் ஜாமா. ஜப்பானின் கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் 1985இல் கொண்டு வந்த இணைப்பு முறை அது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கம்பிக்கட்டு. ஜாமா வந்த பிறகு ஒரே கனெக்டர்தான்: பக்கத்துக்கு 28, மொத்தம் 56 முனைகள். மின்சாரம், ஸ்பீக்கர், படத்தின் சிவப்பு பச்சை நீலம், சிங்க் (ஒவ்வொரு கோடும் படமும் எப்போது தொடங்குவது என்று மானிட்டருக்குச் சொல்லும் சிக்னல்), இரண்டு பேரின் பட்டன்கள், காயின் எல்லாமே அதற்குள் அடக்கம். புது ஆட்டம் வேண்டுமானால் கடைக்காரர் பழைய போர்டை உருவிவிட்டுப் புதியதைச் சொருகுவார். நான் செய்ய வேண்டியது, அந்தக் கனெக்டரின் கண்ணுக்கு ராஸ்பெர்ரி பையை ஓர் ஆட்டப் போர்டு மாதிரி காட்டுவது. செம்பு விரல் உள்ள சிறு அட்டை ஒன்றை வாங்கி, அதில் எல்லாவற்றையும் பற்றவைத்தால் போதும்.

(வீட்டில் இதைப் 'பை' என்று சொல்லப் போய்த் தினமும் குழப்பம். "பையை எங்கல வச்ச?" என்று அக்கா கேட்டால் நான் மேஜையைக் காட்டுவேன், அவள் தேடுவது காய்கறி வாங்கும் துணிப்பை.)

நான் எடுத்தது பை 3. பழைய ஆட்டங்களுக்கு அது தாராளம். இந்த வேலைக்கென்றே செய்த ஆயத்த அட்டைகள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஆனால் எது எங்கே போகிறது என்று தெரியாமல் சொருகி ஆடுவதில் எனக்கு ருசி இல்லை.

எரிந்த நாள்

முதலில் நல்ல பிள்ளையாக எர்த்தைத்தான் சரிசெய்தேன். இரண்டு முள் பிளக்கை எடுத்துவிட்டு மூன்று கம்பி வயர் போட்டு, எர்த்தை இரும்புக் கதவுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உறைக்கும் கொடுத்தேன். சுருசுருப்பு நின்றது. அதன் காரணம் எளிது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். ஒன்று கரன்ட் வரும் ஃபேஸ் கம்பியிலிருந்து உறைக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உறைக்கு. உறைக்கு எர்த் இல்லையென்றால் அது இரண்டுக்கும் நடுவே, 230இல் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். வோல்ட் அதிகம், கரன்ட் மிகக் கொஞ்சம், அதனால் கூசும், ஆளைக் கொல்லாது. பலகையின் மர்மம் விடுபட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். பாதிதான் விடுபட்டிருந்தது.

பையைப் பொருத்தி மூன்று நாள் ஓட்டினேன். படம் வந்தது, சத்தம் வந்தது. பட்டன்களைப் படிக்க ஆர்டுயினோ வகையில் ஒரு சின்ன போர்டு, புரோ மைக்ரோ, வைத்திருந்தேன். நான்காம் நாள் அதன் நிரலில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் யுஎஸ்பி கேபிளைப் பையிலிருந்து உருவி லேப்டாப்பில் சொருகினேன். லேப்டாப் சார்ஜரில் இருந்தது.

டப் என்று ஒரு சத்தம். நீல ஒளி. எம்சிபி விழுந்தது. வீடு இருண்ட பிறகு சுட்ட வாடை மட்டும் மிஞ்சியது. பிறகு எண்ணிப் பார்த்த சேதம்: மானிட்டர் போர்டில் ஃபியூஸும் பிரிட்ஜ் டையோடும் போயின. புரோ மைக்ரோவில் ஒரு செம்புக் கோடு ஆவியாகியிருந்தது. பை எழவில்லை. லேப்டாப் பிழைத்தது, அந்த யுஎஸ்பி வாய் மட்டும் பிழைக்கவில்லை.

இரண்டு நாள் பையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு சார்ஜரை. கடைசியில் மானிட்டர் போர்டைக் கழற்றிக்கொண்டு நெல்லை டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கிற ஒரு டிவி மெக்கானிக்கிடம் போனேன். டியூப் டிவி காலம் முடிந்த பிறகும் கடையைத் திறந்து வைத்திருக்கிறவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"டிரான்ஸ்பார்மரக் கொண்டு வந்தீரா?"

கொண்டு போகவில்லை. பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி அதையும் எடுத்து வந்தேன். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையை 230 பக்கத்திலும் மறு முனையை 110 பக்கத்திலும் தொட்டார். பீப் என்று கத்தியது.

"பாத்தீரா? இதுல ரெண்டாவது சுத்தே கிடையாதுவே. ஒரே கம்பி. நடுவுல ஒரு வாயத் தொறந்து நூத்திப்பத்து எடுத்திருக்கானுவ. கரண்டு அப்படியே உள்ள வந்து உக்காந்திருக்கு."

அதாவது அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். ஒரே வாய்க்காலில் பாதி வழியில் மடை வைத்த மாதிரி. தண்ணீர் குறைவாக வரும், ஆனால் வாய்க்கால் ஒன்றுதான். பழைய ஆர்கேட் பெட்டிகளின், அதாவது காசு போட்டு ஆடும் பெட்டிகளின், மானிட்டர்கள் பலவற்றுக்கு இது ஒத்துவராது. அந்த மானிட்டர்கள் உள்ளே வரும் ஏசியை நேராக பிரிட்ஜ் டையோடில் வாங்கி டிசி ஆக்கும், அந்த டிசியின் கிரவுண்டுதான் படத்தின் கிரவுண்டும். எனவே மானிட்டருக்கு முன்னால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாக வேண்டும்: இரண்டு தனித்தனிச் சுற்றுகள், நடுவில் கம்பித் தொடர்பே இல்லாதது. அது இல்லையென்றால் மானிட்டரின் கிரவுண்டு என்று நாம் தொடுகிற இடம் வீட்டு லைனோடு சேர்ந்த இடம்.

இரண்டு முள் பிளக் எந்தப் பக்கமும் திரும்பிச் சொருகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிட்ஜ் டையோடை மாற்றி, வேறெதையும் இணைக்காமல், மானிட்டரின் கிரவுண்டுக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே ஏசி அளந்து பார்த்தேன். பழைய இரண்டு முள் பிளக் ஒரு வாக்கில் இருந்தபோது 170ஐத் தாண்டியது.

அப்படியானால் கடையில் இத்தனை வருடம் எப்படி ஓடியது? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. விடை இதுதான்: அங்கே எர்த்தே கிடையாது. மானிட்டரின் கிரவுண்டு ஜாமாவின் 14ஆம் முனை வழியாக ஆட்டப் போர்டின் கிரவுண்டோடு சேர்கிறது. அதனால் போர்டு, எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட், பட்டன் கம்பிகள் எல்லாமே லைனின் மேல் மிதந்துகொண்டிருந்தன. மின்கம்பியில் உட்கார்ந்த காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லையே, அப்படி. போர்டுக்குத் தன்னைச் சுற்றியுள்ள வோல்ட் வித்தியாசம்தான் தெரியும், தரையைத் தெரியாது. ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் பிளாஸ்டிக், பெட்டி மரம். எஸ்எம்பிஎஸ்ஸின் 0 வோல்ட் அதன் உறையோடு சேராத வகை. சேர்ந்திருந்தால் நான் எர்த் கொடுத்த அன்றே வெடித்திருக்கும். மிதந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்துக்கு முதன்முதலாகத் தரையைக் காட்டியது என் லேப்டாப். மூன்று முள் சார்ஜர் வழியாக அதன் கிரவுண்டு எர்த்தில் நின்றது. யுஎஸ்பி கேபிள் பாலமானது.

ஈரத் துண்டோடு நின்ற எத்தனை பையன்களுக்கு ஒரு கம்பி உரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது எனக்கு உடம்பு கூசியது. அது எர்த் அடித்ததால் இல்லை.

அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். குற்றம் சொல்ல அல்ல, கதை தெரிய. "ஆமா, அசல் டிரான்ஸ்பார்மர் ஒரு சீசன்ல புகைஞ்சு போச்சு. கூட்டம் நிக்கி, என்ன செய்ய? கடையநல்லூர்ல சவுதியிலருந்து வந்தவர் ஒருத்தர் மிக்சிக்குப் போட்டிருந்தத வாங்கிட்டு வந்து மாட்டினேன். ஒடனே ஓடிச்சு" என்றார். சவுதியில் அந்த நாளில் வீடுகளுக்கு 127 வோல்ட். அங்கிருந்து வந்த சாமான்களுக்காகக் கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கமெல்லாம் இந்த ஸ்டெப் டவுன் பெட்டிகள் வீட்டுக்கு வீடு இருந்தன. மிக்சிக்கு அது போதும், உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. மானிட்டருக்குத்தான் போதாது. சீசன் நாளில் கூட்டம் நிற்கும்போது நானாக இருந்தாலும் அதைத்தான் மாட்டியிருப்பேன்.

புதியதைப் பாவூர்சத்திரத்தில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற ஒருவரிடம் சுற்றி வாங்கினேன்: 230க்கு 110, 200 விஏ, இரண்டு சுற்றும் தனித்தனியாக. "ரெண்டும் ஒட்டவே கூடாதா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். மாட்டிய பிறகு கிரவுண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் சும்மா இருந்தது. அதற்குப் பிறகுதான் எஸ்எம்பிஎஸ்ஸின் 0 வோல்ட்டை வேண்டுமென்றே எர்த்தோடு சேர்த்தேன். வரிசையை மாற்றி முதலில் இதைச் செய்திருந்தால் இன்னொரு டப். வீட்டு மெயினில், கரன்ட் கசிந்தால் உடனே விழுகிற 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போட்டாயிற்று, பத்து வருடமாகத் தள்ளிப் போட்ட வேலை.

பழைய பெட்டி உங்கள் கைக்கு வந்தால் பிளக்கைச் சொருகும் முன்பே அந்த பீப் சோதனையைச் செய்யுங்கள். ஒரு நிமிஷ வேலை. கத்தினால் அது ஐசொலேஷன் அல்ல. இன்னொன்று: டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் அது தங்கும். மெக்கானிக் அண்ணாச்சி அதை இறக்குவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நீள ஸ்க்ரூடிரைவரில் ஒரு கம்பியைக் கட்டி, கம்பியின் மறுமுனையை டியூபைச் சுற்றியுள்ள வலைக்கம்பியில் மாட்டி, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூடிக்குள் நுழைப்பார். பழக்கமில்லாதவர்கள் இதற்கு ஒருவரைக் கூப்பிடுவதே சரி.

படம்

இரண்டாவது பை வாங்கி மறுபடி தொடங்கினேன். கணினி மானிட்டருக்குப் போகும் விஜிஏ படம் வினாடிக்கு 31,500 கோடுகள் அளவில் வரையும். இந்தப் பெட்டி அதில் பாதி, 15,700ஐ ஒட்டியே வரையும். நம் பழைய டிவி 15,625. பாதி வேகத்துக்குச் செய்த மானிட்டருக்கு முழு வேகத்தைக் கொடுத்தால் கீச்சென்று கத்தும். விட்டுவைத்தால் எல்ஓடியை (டியூபுக்கு உயர் வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) ஓட்டுகிற டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் மலிவு டப்பாக்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம், பை எழும் நேரத்தில் அவை என்ன அனுப்பும் என்பது நம் கையில் இல்லை.

பையின் 40 முனை வரிசையிலேயே நேராகப் படம் எடுக்க ஒரு வழி இருக்கிறது. விஜிஏ666 என்று ஒரு திறந்த வடிவமைப்பு. நிறத்துக்கு 6 ரெசிஸ்டர், மொத்தம் 18, அவ்வளவுதான் அட்டை. 2,62,144 நிறம் வரும். பையின் அமைப்புக் கோப்பில் கோட்டுக்கு எத்தனை புள்ளி, படத்துக்கு எத்தனை கோடு, இடையில் எவ்வளவு வெற்றிடம் என்று நாமே எழுதலாம். என் கணக்கு: தெரிகிற படம் 320க்கு 224, வெற்றிடமும் சிங்க்கும் சேர்த்துக் கோட்டுக்கு 404 புள்ளி, படத்துக்கு 264 கோடு, வினாடிக்கு 60 படம். மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 64 லட்சம். அதனால் புள்ளிக் கடிகாரம் 6.4 மெகாஹெர்ட்ஸ். அதை 404ஆல் வகுத்தால் 15,842 கோடு. மானிட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. 224 என்ற எண்ணுக்குக் காரணம் முஸ்தபாதான். அந்த ஆட்டத்தின் அசல் அளவு 384க்கு 224, உயரத்தில் ஒரு கோடும் நசுங்காது. அகலத்துக்கு வேறொரு கணக்கு எழுதிக்கொள்ள வேண்டும்.

படத்தின் பலம் போதாது, ஆம்ப் வேண்டும் என்று படித்திருந்ததால் மூன்று டிரான்சிஸ்டர் வாங்கி வைத்திருந்தேன். வேலை வைக்கவில்லை. 6 ரெசிஸ்டர்களும் இணையாகச் சேர்ந்து சுமார் 270 ஓம். எதிரில் 75 ஓம் உள்ள கணினி மானிட்டர் இருந்தால் 3.3 வோல்ட் 0.7ஆக இறங்குகிறது. என் மானிட்டரின் உள்வாசலை அளந்தால் 1 கிலோ ஓம். அப்படியானால் 2.6 வோல்ட் அப்படியே போய்ச் சேர்கிறது. முதல் படம் கண்ணைக் கூச வைத்தது, பிரைட்னஸைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. எல்லா மானிட்டரும் இப்படி இருக்காது, அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது சிங்க். பையிலிருந்து படுக்கை சிங்க்கும் செங்குத்து சிங்க்கும் தனித்தனியாக வருகின்றன, ஜாமாவுக்கு இரண்டும் ஒரே கம்பியில் வேண்டும். நான்கு கதவுள்ள (லாஜிக் கேட்) 74எச்சி86 ஐசியில் இரண்டு கதவுகளைப் பயன்படுத்தினால் போதும், ஒன்று சேர்க்க, ஒன்று தலைகீழாக்க. சேர்த்தேன். காலையில் படம் அசையாமல் நின்றது. மதியம், பெட்டி சூடான பிறகு, மேல்பக்கம் துணி மாதிரி நெளிந்தது, பிறகு உருண்டது. கம்பியை மாற்றினேன், கணக்கை மாற்றினேன், மானிட்டரின் ஹோல்டைத் திருகினேன். விடை ஐசியின் பெயரில் இருந்த ஒரு எழுத்து. 5 வோல்ட்டில் ஓடும் எச்சி வகை, 'ஆம்' என்று உறுதியாக ஏற்றுக்கொள்ள 3.5 வோல்ட் கேட்கும். பை தருவது 3.3. பெரும்பாலான நேரம் தாராள மனசோடு ஏற்றுக்கொள்ளும், சில நேரம் முகம் திருப்பும். எச்சிடி வகைக்கு 2 வோல்ட்டே போதும். 74எச்சிடி86 மாற்றினேன், உருளல் நின்றது. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லித்தான் முதலில் கொடுத்தார்.

கை

விஜிஏ666 பையின் 28 பயன்பாட்டு முனைகளில் 20ஐ விழுங்கிவிடும். மீதி 8இல் இரண்டு பேர் ஆட முடியாது. அதனால்தான் புரோ மைக்ரோ. அதில் 18 முனை. ஆளுக்கு நான்கு திசை, மூன்று பட்டன், ஒரு ஸ்டார்ட் என்று இரண்டு பேருக்கு 16, காயின் ஒன்று, சர்வீஸ் ஒன்று, சரியாக 18. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். ஜாமா முறையில் எல்லா சுவிட்சும் கிரவுண்டைத் தொடுவதே வேலை, ஆர்டுயினோவின் உள் புல்-அப்பை (பட்டன் அமுங்காதபோது கம்பியை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) இயக்கினால் வேறு பாகமே வேண்டாம்.

முதலில் அதை ஒரு கீபோர்டாகப் பைக்குக் காட்டினேன். தனியாக ஆடும்போது குறையில்லை. அக்கா மகனும் அவன் கூட்டாளியும், ரசிகர்கள் எழுதி இலவசமாக விட்ட ஓர் இருவர் ஆட்டத்தில் மோதியபோது சண்டை வந்தது, திரையில் இல்லை, வீட்டுக்குள். "மாமா, நான் அமுக்கினேன், அடிக்கல!" அவன் சொன்னது உண்மை. இந்தக் கீபோர்டு ஒரே நேரத்தில் 6 எழுத்துதான் சொல்லும். இருவரும் குறுக்குத் திசையில் தாவிக்கொண்டே ஆளுக்கு ஒரு பட்டனை அமுக்கினால் ஆறு ஆகிவிட்டது, ஏழாவது காற்றில் போகும். இரண்டு தனி ஜாய்ஸ்டிக்காகக் காட்டும்படி நிரலை மாற்றியதும் சமாதானம்.

காயின் கம்பியில் ஒரு சின்ன வரலாறு கிடைத்தது. 16ஆம் முனையிலிருந்து ஒரு நீளமான வயர் பெட்டிக்குப் பின்னால் வெளியே வந்து பாதியில் அறுந்திருந்தது. அண்ணாச்சி காசு ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டு, வயரை இழுத்துத் தன் மேஜைக்கு அடியில் ஒரு காலிங் பெல் சுவிட்சில் மாட்டியிருக்கிறார். ரூபாயை வாங்கிப் போட்டுக்கொண்டு முழங்காலால் ஒரு அமுக்கு. சில நேரம் பிடித்த பையனுக்கு இரண்டு அமுக்கு. நானும் ஒரு காலிங் பெல் சுவிட்சே போட்டிருக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. சத்தத்துக்கு 4440 ஐசி போட்ட ஆம்ப் போர்டு, 12 வோல்ட்டில். ஊர் முழுக்க ஆட்டோவில் பாடுகிற அதே போர்டுதான். பைக்கு மின்சாரம் எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட்டிலிருந்து. எஸ்எம்பிஎஸ் வாசலில் 5.05 காட்டியது, பையின் வாசலில் 4.6தான் வந்தது. 4.63க்குக் கீழே போனால் பை மின்னல் குறி காட்டி முனகும். மெல்லிய கம்பிதான் காரணம். ஜாமாவில் 5 வோல்ட்டுக்கு நான்கு முனை இருக்கிறது, நான்கையும் தடித்த கம்பியால் சேர்த்தபின் சரியானது. பெட்டியை அணைப்பது சுவரில் உள்ள சுவிட்சால்தான், கரன்ட் போவதும் வழக்கம்தான். மெமரி கார்டு கெடாமலிருக்க பையை எதுவும் எழுதாத நிலையில், ஓவர்லே முறையில், ஓட்டுகிறேன்.

ஆட்டங்கள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முஸ்தபாவின் உரிமை கேப்காமிடம் இருக்கிறது, இணையத்தில் இறைந்து கிடக்கும் கோப்புகளை நான் ஏற்றவில்லை. பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டுவதற்கென்று 1997 முதல் வளர்ந்து வரும் மேம் மென்பொருளின் குழுவினரே, உரிமையாளர்கள் இசைவு தந்த கிரிட்லி, ராபி ரோட்டோ போன்ற சில பழைய ஆட்டங்களை லாப நோக்கில்லாத பயன்பாட்டுக்கு இலவசமாகத் தருகிறார்கள். அவை போதும். முஸ்தபா வேண்டுமானால் அசல் போர்டு பிழைக்க வேண்டும். அதன் விரல்களை அழிரப்பரால் தேய்த்துப் பச்சையை எடுத்துவிட்டேன், இப்போது படம் வருகிறது, எழுத்துக்கள் மட்டும் நொறுங்கி வருகின்றன. மெமரி சிப் ஒன்றைச் சந்தேகிக்கிறேன்.

ஆனித் தேருக்கு டவுனுக்கு வந்த கடைக்கார அண்ணாச்சி, கூட்டம் கலைந்த பிறகு வீட்டுக்கும் வந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நேரே போய் இரும்புக் கதவைத் தொட்டார், புறங்கையால்.

"என்னடே, கடிக்கலியே."

சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், டிரான்ஸ்ஃபார்மர் பகுதியில் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்.

"பலகைய எங்க?"

பின்கதவைத் திறந்து காட்டினேன். உப்பிப்போன அடிப்பலகைக்குப் பதிலாக அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன். அதன் மேல் பாவூர்சத்திரத்து டிரான்ஸ்ஃபார்மர், எஸ்எம்பிஎஸ், ஓரத்தில் நான்கு ஸ்க்ரூவில் பை. நடுவில் இரண்டு பாதத்தளவுக்கு மரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, அந்த இடத்தில் எதையும் பொருத்தவில்லை.

"நல்ல தேக்குடே அது" என்றார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காயின் கேட்டார்.